பதினாறடிப் பியானோவும் பத்தடிக் கூடமும்

எங்கள் வீட்டுச் சாமான்களை என் மனைவி மூன்று வகையாகப் பிரித்து வைத்திருக்கிறாள். அன்றாடம் புழங்குவது, நாள் கிழமைக்கு எடுப்பது, 'உங்க அப்பாவோடது'. முதல் வகைக்கு அடுப்படியில் இடம். இரண்டாவதற்குப் பரணில் இடம். மூன்றாவதற்கு இடமே கிடையாது. ஆனாலும் அது கூடத்தில்தான் இருக்கிறது. கறுப்பு நிறம், ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம், 61 கட்டைகள், இரண்டே வரி காட்டும் சின்னத் திரை. மேலேயே கோர்க் எம்1 என்று கொட்டை எழுத்தில் இருந்தும் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் "கேசியோவா சார்?" என்றே கேட்பார்கள். இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் கேட்டிருக்கிறார். சிலிண்டர் போட வந்தவர் கேட்டிருக்கிறார். ஒருமுறை சங்கீதம் தெரிந்த என் சம்பந்தி கேட்டார். அவரை இன்னும் மன்னிக்கவில்லை.

"கேசியோ இல்லை, கோர்க் எம்1" என்று நான் தொண்டையைச் செருமும்போதே மனைவி உள்ளே போய் அடுப்பைச் சிம்மில் வைப்பாள். நான் 1988-இல் ஆரம்பிப்பேன் என்பது அவளுக்குத் தெரியும். வந்தவருக்குத் தெரியாது, பாவம்.

1988-க்கு முன்னால் ஒரு ஆள் தனியாக உட்கார்ந்து முழுப் பாட்டையும் செய்ய வேண்டுமானால் சின்தசைசர் ஒன்று, தாளப் பெட்டி ஒன்று, வாசித்ததை நினைவில் வைத்துத் திருப்பி வாசிக்கும் சீக்வென்சர் ஒன்று, எக்கோ கொடுக்கத் தனிப் பெட்டி ஒன்று என்று வாங்கி அடுக்க வேண்டும். அத்தனைக்கும் நடுவே வயர். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்த ஃபேர்லைட் என்ற ஆஸ்திரேலியக் கருவி 1979-லேயே வந்துவிட்டது, ஆனால் வாங்குவதற்கு வீட்டை விற்க வேண்டியிருக்கும். 1986-இல் வந்த என்சோனிக் ஈஎஸ்க்யூ-1 சீக்வென்சரோடு வந்தது, தாளச் சத்தத்துக்கு வேறு இடம் தேட வேண்டும். எம்1 இந்தச் சில்லறைகளையெல்லாம் ஒரே பெட்டிக்குள் போட்டது. நிஜ வாத்தியங்களிலிருந்து பதிவு செய்த ஒலிகள், டிரம்ஸ், இரண்டு எஃபெக்ட்ஸ் பகுதிகள், எட்டு டிராக் சீக்வென்சர். அமெரிக்காவில் விலை 2,166 டாலர். அன்றைய கணக்குக்குச் சுமார் 30,000 ரூபாய். நம் ஊருக்கு வந்தால் சுங்கவரி தனி. ஆகவே பலதும் சிங்கப்பூரிலிருந்து யாருடைய பெட்டியிலாவது, துணிமணிகளுக்கு நடுவே, மூச்சு விடாமல் வந்து சேர்ந்தன.

ஒரே ஆள் ஒரு வாத்தியக் குழு என்பதுதான் அதன் வாக்குறுதி. என் விஷயத்தில் அந்த வாக்கு பாதி நிறைவேறியிருக்கிறது. ஆள் இருக்கிறார். எட்டு டிராக்கில் முதலாவதில் ஒரு தாளம் போட்டு வைத்திருக்கிறேன். இரண்டாவதில் அந்தத் தாளத்தைத் துரத்திக்கொண்டு ஒரு பேஸ் ஓடுகிறது. மற்ற ஆறும் காலி மனை. சீக்வென்சர் மொத்தம் 4,400 ஸ்வரங்களை நினைவில் வைத்துக்கொள்ளும், வேண்டுமானால் டோன்களில் பாதியைத் தியாகம் செய்து 7,700 வரை நீட்டலாம் என்று கையேட்டில் படித்தேன். படித்தவுடன் எதற்கும் இருக்கட்டும் என்று கவலைப்பட்டேன். என் மொத்தப் படைப்பும் அதன் ஒரு மூலையைக்கூட இதுவரை நனைக்கவில்லை.

இந்த இடத்தில் வந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். நான் டோக்கியோவுக்குப் போய்விடுவேன்.

டோக்கியோவில் ஷிஞ்சுகு பகுதியில் சுடோமு கட்டோ என்பவர் இரவு விடுதி ஒன்று நடத்திக்கொண்டிருந்தார். அங்கே அக்கார்டியன் வாசித்த தடாஷி ஒசனாய் தனக்குத் துணையாக வர்லிட்சர் கம்பெனியின் சைட்மேன் என்னும் தாளக் கருவியை வைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கருவி அவருக்குப் பிடிக்கவில்லை. இதைவிட நல்லதை நானே செய்வேன், காசு போடுகிறீர்களா என்று முதலாளியிடம் கேட்டார். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் படித்தவர் என்பதால் முதலாளியும் நம்பினார். 1963-இல் டோங்கா மேட்டிக் என்ற தாளக் கருவி வெளிவந்தது. அதைச் செய்த கம்பெனிதான் பிறகு கோர்க் ஆயிற்று. கதையில் என்னைப் பாதிப்பது ஒன்றே ஒன்று. அக்கார்டியன்காரர் ஒருவர் குறைபட்டுக்கொண்டார், முதலாளி பணத்தை எடுத்து வைத்தார். நானும் முப்பத்து சொச்சம் வருஷம் ஆபீசில் குறைபட்டுக்கொண்டேதான் இருந்தேன். ஒரு ஸ்டேப்ளர்கூட மாற்றித் தரவில்லை.

கதைக்கு இன்னொரு திருப்பமும் உண்டு. 1980களின் பிற்பகுதியில் கோர்க்கின் பெரும் பங்கு யமாஹாவின் கையில் இருந்தது. எம்1 விற்ற விற்பனையில் வந்த பணத்தைக் கொண்டு 1990களின் தொடக்கத்தில் கட்டோ அதில் பெரும்பகுதியை மீட்டுவிட்டார். மொத்தம் இரண்டரை லட்சம் எம்1 விற்றதாகச் சொல்வார்கள். இதை நான் உணர்ச்சிபொங்கச் சொல்லி முடித்த ஒரு நாள் மனைவி நிதானமாகக் கேட்டாள்: "அங்கே போய் கம்பெனியையே மீட்டுக் குடுத்திருக்கு. நம்ம வீட்டுக்கு வந்து என் வளையலை மீட்டுக் குடுக்கலியே?" வளையல் விவகாரம் கட்டுரைக்குச் சம்பந்தமில்லாதது. விட்டுவிடுவோம்.

இது என் வீட்டுக்கு வந்தது ஒரு மெல்லிசைக் குழுவிலிருந்து. கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா என்று மேடை மேடையாக அலைந்த கருவி. 1986-இல் புன்னகை மன்னனில் இளையராஜா கணினியையும் சின்தசைசரையும் வைத்துச் செய்த இசையைக் கேட்ட பிறகு ஊரில் உள்ள ரசிகர்களின் காது மாறிவிட்டது. மேடையில் அந்தச் சத்தம் வராவிட்டால் பின் வரிசையிலிருந்து குரல் வரும். அத்தனை வயலினுக்கும் ஆள் கூப்பிட்டுச் சாப்பாடு போட எந்தக் குழுவுக்குக் கட்டும்? கீபோர்டுக்காரர் ஒருவரே ஐம்பது வயலின், நாலு புல்லாங்குழல், ஒரு ஷெனாய், தேவைப்பட்டால் ஒரு மழை. எனக்கு விற்றவரும் அப்படி இருந்தவர்தான். முதுகுவலி வந்ததும் எடை குறைந்த ஒன்றை வாங்கிக்கொண்டு இதைத் தள்ளிவிட்டார். இரண்டு பேராகத் தூக்கிக்கொண்டு மாடி ஏறியபோது முதுகுவலி எனக்கு மாற்றப்பட்டது.

வந்த அன்று என் அம்மா இருந்தாள். அந்தக் காலத்தில் பாட்டு கற்றுக்கொண்டவள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "எத்தனை கட்டைடா?" என்றாள். "அறுபத்தொண்ணும்மா" என்றேன். "நான் அஞ்சரைக் கட்டைக்கே மூச்சு வாங்குவேன். அறுபத்தொரு கட்டையில யாருடா பாடுவா?" என்றாள். பிறகு அவள் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

சரி, இப்படி ஒரு பழைய பெட்டியை இன்னும் ஏன் உலகம் கொண்டாடுகிறது என்றுதானே கேட்கிறீர்கள்? யாரும் கேட்பதில்லை. கேட்டதாக வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

எம்1-இன் வயிற்றுக்குள் இருக்கும் ஒலிகள் அத்தனையும் 4 மெகாபைட்டுக்குள் அடக்கம். இன்று கைப்பேசியில் சாம்பாரைப் படம் எடுத்து அனுப்பினால் கிட்டத்தட்ட அவ்வளவு இடம் போகும். அந்த இடத்துக்குள் பியானோ, கோரஸ், புல்லாங்குழல், பேஸ் கிட்டார், டிரம்ஸ் எல்லாவற்றையும் அடைக்க வேண்டும். ஒரு பியானோ ஸ்வரத்தை முழுக்கப் பதிவு செய்தால் அது அடங்குவதற்குள் இடம் தீர்ந்துபோகும். ஆகவே சுத்தியல் கம்பியில் விழும் முதல் கணத்தை எடுத்துக்கொண்டு, அதற்கடுத்த ஒரு சின்னத் துண்டைத் திரும்பத் திரும்பச் சுழல விட்டார்கள். காது ஏமாறக்கூடியது. ஒரு வாத்தியம் இன்னதென்று அது முதல் கணத்திலேயே முடிவு செய்துவிடும். பின்னால் வருவதை அவ்வளவாக விசாரிப்பதில்லை. என் பெண் பார்க்கும் படலமும் அப்படித்தான் நடந்தது என்று மனைவி குறிப்பிடச் சொன்னாள்.

அப்படிச் சுருக்கிச் செய்த பியானோ பியானோவாக வரவில்லை. கூர்மையாக, கெட்டியாக, மரத்தின் வாசனையே இல்லாத வேறொரு சத்தமாக வந்தது. கச்சேரிப் பியானோ வாசிப்பவர்கள் முகம் சுளித்திருப்பார்கள். ஆனால் நடன அரங்கில் டிரம்ஸ் இடிக்கும்போது நிஜப் பியானோவின் மென்மையெல்லாம் அமுங்கிப் போகும். இந்தக் கெட்டிச் சத்தம் மட்டும் அதைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். 1989-இல் இத்தாலியக் குழுவான பிளாக் பாக்ஸ் அதைத் தட்டு தட்டென்று தட்டியது. அடுத்த வருஷம் மடோனாவின் 'வோக்' பாட்டில் அது வந்தது. பியானோ வேஷம் கட்டத் தெரியாததனாலேயே சொந்த முகம் கிடைத்துவிட்டது. பின்னால் வந்த கோர்க் கருவிகளில் இதைவிடப் பல மடங்கு நிஜமான பியானோக்களைக் கொடுத்தார்கள். அவற்றுக்குள்ளும் 'எம்1 பியானோ' என்று தனிப் பெயரில் இந்தப் பழையதை வைத்தார்கள். நகலுக்கு நகல் எடுத்து வைக்கும் மரியாதை எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

அந்த டோனின் பெயர் 'பியானோ 16 அடி'. கூடவே 'பியானோ 8 அடி' என்று இன்னொன்றும் உண்டு. பெரிய தேவாலயங்களில் இருக்கும் குழல் ஆர்கனில் குழாயின் நீளத்தைச் சொல்லி ஸ்தாயியைக் குறிப்பது வழக்கம். எட்டடிக் குழாய் சாதாரண ஸ்தாயி. அதைவிட ஒரு ஸ்தாயி கீழே என்றால் பதினாறடி. தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி பாயும் என்பதைக் கோர்க் எப்படித் தெரிந்துகொண்டது என்று தெரியவில்லை, பாய்ந்தது என்னவோ பதினாறடிதான். எங்கள் கூடம் பத்தடி. திரையில் அந்தப் பெயரைப் பார்த்த நாளிலிருந்து மனைவி சோபாவை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்க்கிறாள்.

முதல் டோனின் பெயர் 'யுனிவர்ஸ்'. ஒரே ஒரு கட்டையை அழுத்தினால் போதும். எங்கிருந்தோ ஒரு கோரஸ் கிளம்பி, மேலே மினுமினுவென்று ஏதோ சிதறி, கூடம் முழுக்க நிறைந்துவிடும். வாசிக்கத் தெரியாதவனுக்கென்றே செய்த டோன். நான் ஆபீஸ் விட்டு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் இந்த ஒரு கட்டையை அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவேன். உள்ளிருந்து, "பிரபஞ்சத்தை அணைச்சுட்டு சாப்பிட வாங்க, தோசை ஆறுது" என்று குரல் வரும். இத்தனைக்கும் கட்டோ இந்தக் கருவியை எல்லோருக்கும் பிடிக்கும்படி செய்யச் சொன்னவர்.

பதினேழாம் எண் 'ஆர்கன் 2'. இதன் மகத்துவம் எனக்கு வெகுநாள் பிடிபடவில்லை. தேவாலயத்தில் வைத்தால் பாதிரியார் வெளியே அனுப்பிவிடுவார். அவ்வளவு சொத்தையான, உள்ளே ஒன்றுமே இல்லாத 'டொக்' சத்தம். ஆனால் ராபின் எஸ் பாடிய 'ஷோ மீ லவ்' பாட்டை ஸ்வீடன்காரரான ஸ்டோன்பிரிட்ஜ் 1992-இல் மறுபடி செய்தபோது இந்த ஆர்கனைத்தான் பேஸாகப் பிடித்தார். அதன் பிறகு ஹவுஸ் என்னும் நடன இசையில் இந்த 'டொக்' இல்லாமல் வேலை ஓடவில்லை, இன்றுவரை ஓடவில்லை. அமெரிக்காவில் 'சைன்ஃபெல்டு' என்ற நகைச்சுவைத் தொடர் 1989-இல் தொடங்கியது. அதன் இசையில் துள்ளும் பேஸ் கிட்டாரும் கிட்டார் கிடையாது, ஜோனத்தன் வுல்ஃப் எம்1-இல் வாசித்தது. நடிகர் மேடையில் நகைச்சுவை சொல்லும் நேரத்துக்குத் தக்கபடி ஒவ்வொரு வாரமும் அதை நீட்டியும் சுருக்கியும் புதிதாக வாசித்தார். ஆக உலகமெங்கும் பெரிய பெரிய கெட்டிக்காரர்கள் செய்தது என்னவென்றால், பெட்டியைத் திறந்ததும் கைக்கு வந்த டோனை அப்படியே எடுத்து வாசித்தார்கள். யாரும் உட்கார்ந்து செதுக்கிக்கொண்டிருக்கவில்லை. இதைத்தான் நானும் செய்கிறேன். எங்களுக்குள் வித்தியாசம் விரலில்.

குறை சொல்லாமல் இருக்க முடியுமா? இதன் ஃபில்டரில் ரெசனன்ஸ் கிடையாது. பழைய சின்தசைசர்களில் ஃபில்டரைத் திருகினால் 'வ்வ்யாவ்' என்று ஒரு அலறல் வருமே, அது இதில் வராது. தெரிந்தவர்கள் இதை ஒரு பெரும் அங்கஹீனமாகச் சொல்வார்கள். நானும் தெரிந்தவனாகக் காட்டிக்கொள்ள வேண்டிய இடங்களில் வருத்தத்தோடு தலையை ஆட்டிச் சொல்வேன்.

அடுத்தது குரல்கள். எம்1-இல் ஒரே நேரத்தில் 16 குரல்கள்தான் ஒலிக்கும். பதினாறு இலை போட்ட பந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினேழாவது ஆள் வந்தால் 'அடுத்த பந்தி' என்று சொல்லும் பழக்கம் இதற்கு இல்லை. முதலில் உட்கார்ந்தவர் ரசத்துக்குக் கை குவித்துக்கொண்டிருக்கும்போதே அவர் இலையை எடுத்துவிட்டு வந்தவரை உட்கார வைத்துவிடும். சில டோன்களுக்கு ஆளுக்கு இரண்டு இலை வேண்டும். எட்டே பேரோடு பந்தி நிரம்பிவிடும். எட்டு டோன்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் இரண்டு கட்டைக்கு மேல் போகாது. மூன்றாவதை அழுத்தினால் முதலாவது எழுந்து போய்விடும். விஷயம் தெரிந்த வாசிப்பாளர்கள் இதனால் பத்து விரலையும் அள்ளிப் போடாமல், வேண்டிய ஸ்வரத்தை மட்டும் வாசிக்கக் கற்றுக்கொண்டார்கள். எனக்கு இந்தச் சங்கடமே வந்ததில்லை. இரண்டு விரலால் வாசிப்பவன் வீட்டுப் பந்தியில் என்றைக்கும் இலை மிச்சம்.

எஃபெக்ட்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. எம்1-இன் அழகில் பாதி அந்த இரண்டு எஃபெக்ட்ஸ் பகுதிகளில்தான் இருக்கிறது. அவற்றை அணைத்துவிட்டுக் கேட்டால் யுனிவர்ஸ் ஒரு சாதாரணத் தெருவாகச் சுருங்கிவிடும். போட்டால் ஆகாயம். ஆனால் எக்கோவுக்குத் தராதரம் தெரியாது. நான் ஒரு அபஸ்வரம் தட்டினால் அதையும் சிரத்தையாக எடுத்து, மூன்று தரம் திருப்பிச் சொல்லிக்காட்டும்.

சரஸ்வதி பூஜை வந்தால் இதற்கு எங்கள் வீட்டில் திடீர் மரியாதை. வாத்தியம் என்றால் சரஸ்வதி, அதில் வாதமில்லை. மகள் ஈரத் துணியால் துடைப்பாள். மனைவி சந்தனம் தொட்டுக் குங்குமம் இட்டு, ஜாய்ஸ்டிக்குக்கு ஒரு முழம் கதம்பம் சுற்றுவாள். அன்றைக்கு அதைத் தொடக்கூடாது, வாசிக்கக்கூடாது, மறுநாள் காலைதான் எடுக்க வேண்டும். வருஷத்தில் அவள் எம்1-ஐ மனமார நேசிக்கும் நாள் அது ஒன்றுதான். விஜயதசமியன்று ஏதாவது வாசித்தாக வேண்டும் என்பதால் நான் உட்காருவேன். குங்குமம் கட்டைகளுக்கு இடையில் இறங்கிப்போயிருக்கும். நடு ஸ்தாயி மத்யமம் ஒரு பகல் முழுக்க அழுத்திய இடத்திலேயே நின்றது ஒரு விஜயதசமியில்தான். அன்றைக்கு யுனிவர்ஸ் நிற்காமல் ஓடியது. பக்கத்து வீட்டு மாமி, "ஏதாவது விசேஷமா?" என்று வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

பழைய கருவி வாங்குவதில் ஒரு சுவாரசியம், அதற்குள் பழைய சொந்தக்காரர் பாதி குடியிருப்பார். எனக்கு விற்ற கீபோர்டுக்காரர் தன் தேவைக்குத் தக்கபடி பல டோன்களை மாற்றி, அவற்றுக்குப் பெயரும் வைத்திருந்தார். பத்து எழுத்துக்குள் பெயர் வைக்க வேண்டும். 'ரிசப்ஷன்1', 'அம்மன்', 'ராஜாவயலின்', 'மாப்ளே', 'சோகம் 2' என்று ஆங்கில எழுத்தில் வரிசையாக இருக்கும். சோகம் 1 எங்கே போயிற்று என்று தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை. 'மாப்ளே'யை அழுத்தினால் ஊதல் ஒன்று வரும், மாப்பிள்ளை மேடையேறும் அந்த அரை நிமிஷத்துக்கென்றே செய்தது. அதை வேறு எதற்கும் பயன்படுத்த முடியாது. 'அம்மன்' டோனை இரவு பதினொரு மணிக்கு ஒருமுறை அழுத்திவிட்டு, எதிர் ஃபிளாட்டில் விளக்கு எரிந்ததைப் பார்த்தேன்.

இந்தப் பெயர்களெல்லாம் ஒரு நாணயம் அளவு பேட்டரியின் தயவில் பிழைத்திருக்கின்றன. எம்1-இல் கம்பெனி கொடுத்த டோன்களும் அழிக்க முடியாத இடத்தில் இல்லை. உள்ளே சி.ஆர்.2032 என்ற பொத்தான் பேட்டரி ஒன்று இருக்கிறது, எடை பார்க்கும் மெஷினிலும் கார் சாவியிலும் போடுவார்களே, அதேதான். அது தீர்ந்தால் நூறு டோன்களும் போய்விடும். ஊர் ஊராகப் புகழ் பெற்ற ஆர்கனும் போகும், 'மாப்ளே'யும் போகும். ஒரு நாள் திரையில் 'பேட்டரி லோ' என்று வந்தது. இரவு தூக்கமில்லை. வீட்டில் எனக்குச் சர்க்கரை அளவு ஏறியபோதுகூட இவ்வளவு பதறவில்லை என்று குற்றப் பத்திரிகையில் ஒரு வரி சேர்ந்தது.

மகள்தான் காப்பாற்றினாள். லேப்டாப்பை மிடி வயரால் இணைத்து உள்ளே இருந்த அத்தனையையும் முதலில் வெளியே எடுத்து வைத்தாள். நொடிகளில் முடிந்துவிட்டது. என் கண்ணெதிரே யுனிவர்ஸும் பதினாறடிப் பியானோவும் சோகம் 2-உம் ஒரு சின்ன ஃபைலாகி டெஸ்க்டாப்பில், அவளுடைய ரெஸ்யூமேவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தன. பிறகு ரிச்சி தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். மெக்கானிக் இளைஞர் திருகுகளைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "சார், இது என்னைவிட சீனியர்" என்றார். பேட்டரியை மாற்றினார். மங்கிப்போயிருந்த திரை வெளிச்சத்தைச் சரி செய்யலாமா என்றார். "வேண்டாம், எனக்கும் கண்ணில் புரை இருக்கிறது, இரண்டு பேரும் ஒன்றாகச் சரி செய்துகொள்கிறோம்" என்றேன். பில்லைப் பார்த்ததில் பேட்டரி விலை மிகக் குறைவு. மேலே இருந்தது ஆட்டோ.

திரும்பி வந்து ஃபைலை உள்ளே ஏற்றிய பிறகு மகள் மெதுவாக ஒன்று சொன்னாள். "அப்பா, இது ஐபேடுக்கு ஆப்பாவே வந்திருக்கு தெரியுமா?" 2015-இலேயே வந்துவிட்டதாம். அதற்குப் பத்து வருஷம் முன்னாலேயே கம்ப்யூட்டருக்கும் வந்தாயிற்று. அதே கோர்க் செய்தது, அதே சத்தம். அதிகப்படியாக அட்டை அட்டையாக விற்ற டோன்கள் எல்லாம் சேர்த்து மூவாயிரத்துக்கு மேல். விலை நாலு பேர் ஹோட்டலில் சாப்பிடும் செலவு. கனம் கிடையாது, பேட்டரி பயம் கிடையாது, ஃபில்டரில் ரெசனன்ஸ்கூடச் சேர்த்துவிட்டார்கள். மனைவி சாமான் தேய்ப்பதை நிறுத்திவிட்டு, "நல்லா கேளுங்க அதை" என்றாள்.

நான் கேட்டேன். ஹெட்ஃபோனில் மாற்றி மாற்றிக் கேட்டேன். வித்தியாசம் கண்டுபிடித்தே தீர வேண்டிய நிலையில் இருந்த எனக்கே கண்டுபிடிக்க முடியவில்லை. "இதிலே உயிர் இருக்கு" என்று பெட்டியைத் தட்டிக் காட்டினேன். தட்டியதில் ஒரு பொத்தான் உள்ளே போய்விட்டது.

நல்ல காலமாக, அந்த வாரமே என் கட்சிக்கு ஒரு சாட்சி வந்தான். மகளுடன் வேலை பார்க்கும் ஒருவரின் தம்பி. லேப்டாப்பில் ஹவுஸ் இசை செய்கிறவன், எம்1 வாங்கத் தேடிக்கொண்டிருக்கிறான். விலைக்குக் கேட்டுத்தான் வந்தான். உள்ளே வந்து சுற்றிப் பார்த்துவிட்டு அவன் கேட்ட முதல் கேள்வி, "எம்1-ஆ அங்கிள்?" கேசியோ என்று சொல்லவில்லை. அவனுக்கு இரண்டு தோசை கூடுதலாகப் போடச் சொன்னேன்.

"உன்கிட்டதான் ஆப் இருக்குமே, இது எதுக்குப்பா?" என்று மனைவி நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"இருக்கு ஆன்ட்டி. அதுல மூவாயிரம் டோன். எதை எடுக்கறதுன்னு பாத்துப் பாத்தே பாதி ராத்திரி போயிடுது. அப்புறம் வாட்ஸ்அப் வருது, அதைப் பாக்கறேன். பாட்டு எங்க போடறது? இதுல நூறுதான். அதுலயும் நல்லது பத்து. வாசிச்சே ஆகணும், வேற வழியில்லை."

இத்தனை காலம் நான் கட்டோ, ஒசனாய், யமாஹா என்று சுற்றி வளைத்துச் சொல்ல முயன்றதை அவன் தோசையை மென்றுகொண்டே சொல்லிவிட்டான். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. மனைவி என் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா, எவ்வளவு தெளிவா சொல்றான்" என்றாள்.

கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். பொத்தானில் 1, 7 என்று தட்டினான். ஆர்கன் 2. இடது கை சும்மா இருந்தது. வலது கையால் நாலே நாலு ஸ்வரம், அங்கங்கே இடம் விட்டு விட்டு. அந்த இடைவெளியில்தான் எல்லாம் இருந்தது. என் மகள் தோளை ஆட்டினாள். மனைவி கரண்டியோடு வாசலில் வந்து நின்றாள். அவள் கால் கட்டைவிரல் தரையில் தாளம் தட்டியதை நான் பார்த்தேன், அவள் மறுக்கிறாள்.

"இந்த மெஷின்தானா இது?" என்றாள்.

"அதேதான் ஆன்ட்டி."

"கட்டையெல்லாம் தேஞ்சு போச்சு, அதனாலதான் சரியா வரலைன்னு இவர் சொல்லிட்டிருந்தாரே?"

மரியாதை தெரிந்த பையன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒண்ணு ரெண்டு கட்டை வீக்குதான் ஆன்ட்டி" என்றான்.

"எந்தக் கட்டை?"

இந்தக் கேள்விக்கு அவன் தயாராக வரவில்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே போனான். 61-உம் ஒலித்தன. குங்குமம் விழுந்த மத்யமம்கூடக் காலை வாரிவிட்டது.

கடைசியில் விலை பேசினான். நான் கொடுத்ததைவிட அதிகம். மனைவியின் முகத்தில் வளையல் ஒரு கணம் வந்து போயிற்று. முடிந்தது கதை என்று நான் வயரைச் சுருட்டப் போனேன்.

"விக்கறதுக்கில்லைப்பா" என்றாள். "நீ வேணும்னா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து இதிலேயே வாசிச்சுட்டுப் போ. டிபன் தரேன்." பிறகு என்னிடம் பையை நீட்டினாள். "அந்த நேரத்துல நீங்க மார்க்கெட் போயிட்டு வந்துடுங்க."